வகுத்தலுக்கு வாத்தியார் இல்லை

வகுத்தல் கணக்கில் பொய் சொல்லும் பையன்களைப் பிடித்துக்கொண்டு போவதற்கென்றே அரசாங்கத்திடம் ஒரு ஜீப் இருக்கிறது என்று பத்து வயதில் நான் நம்பினேன். பச்சை நிற ஜீப். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை. ஒன்றில் கூட்டல், கழித்தலில் பொய் சொன்னவர்கள் உட்கார வேண்டும். மற்றதில் பெருக்கல், வகுத்தல். இந்தத் தகவலைத் தந்தவர் அம்மாவின் தம்பியான என் மாமா. அவர் சொல்லும் வேறு எதையும் நான் நம்பியதில்லை. இதை மட்டும் நம்பியதற்குக் காரணம், அந்த வாரம் எனக்கு அது தேவைப்பட்டது. தப்புச் செய்தவனுக்குத் தண்டனையின் விவரங்கள் தெரிந்துவிட்டால் ஒரு மாதிரி நிம்மதி.

இப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை போடுகிறேன். போன மாதம், என் மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் சேர்த்து, அறிவியலுக்கு ஆசிரியர் கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். 'ஐயா' என்று எழுதி முடிப்பதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. எழுந்து போய்த் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் வண்டி.

எங்கள் ஊர் சோமனூரிலிருந்து நாலு மைல். வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து தறிக்குடோன். அப்பா ஒரு குடோனில் தறி ஓட்டினார். அம்மா அதே குடோனில் தார் சுற்றினார். அதாவது, தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சிகளில் நூலைச் சுற்றிக் கூடை கூடையாகத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது. தறி ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே எல்லாரும் கையால் பேசுவார்கள். வெளியே வந்தால், அந்தப் பழக்கத்தில் தொண்டை அடங்காமல், காதோடு சொல்லவேண்டிய ரகசியத்தைக்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார்கள். ஆக எங்கள் ஊரில் சத்தம் இருக்கும் இடத்தில் மௌனம், அமைதியான இடத்தில் கூச்சல்.

பள்ளிக்கூடம் ஊர்க்கோடியில் ஓட்டுக் கட்டடம். ஒன்று முதல் ஐந்து வரை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெரிய சார் ஒருவர்தான் எல்லாம். சின்ன சார் என்று ஒருவர் இல்லாதபோது இவரை எதற்குப் பெரிய சார் என்கிறோம் என்று நாங்கள் யோசித்ததில்லை. காலையில் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டு இரண்டாம் வகுப்புக்கு வருவார். அங்கிருந்து மூன்று, நான்கு. ஐந்தாம் வகுப்பின் கரும்பலகையை அவர் துடைக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் மணி அடித்துவிடும். அடிப்பவன் நான்தான். ஏதாவது படிவம், பட்டியல் என்று அவரை ஆபீசுக்குக் கூப்பிடும் நாட்களில், ஐந்தாம் வகுப்புத் தலைவன் என்ற முறையில் பள்ளிக்கூடத்தையே நான்தான் நடத்தினேன். என் நிர்வாகத்தில் மூன்று முறை விளையாட்டுப் பீரியட் உண்டு. பள்ளிக்கூடம் என்றால் உலகம் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அரைப்பரீட்சையில் கணக்கில் ஏழு மார்க் வாங்கினேன். ரேங்க் கார்டை அம்மா கையில் வாங்கி, எழுத்துத் தெரியாததால் எண்ணை மட்டும் பார்த்தார்.

"ஏழுன்னா பத்துக்கு ஏழா கண்ணு?"

எனக்கு வாழ்க்கையில் கிடைத்த மிகப் பெரிய வாய்ப்பு அது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்பா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்; அவருக்குப் படிக்கத் தெரியும். நூற்றுக்குத்தான் என்று ஒப்புக்கொண்டேன். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. வகுத்தலுக்கு வாத்தியாரே வரவில்லை, எங்களுக்கு நடத்தவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒருநாள் சார் ஐந்தாம் வகுப்புக்கு வந்து வகுத்தல் என்று தலைப்பிட்டு ஒரு கணக்கைத் தொடங்கினார். நான் அப்போது ஜன்னல் வழியாக, தறிக்குப் பாவு நூல் ஏற்றி வந்த லாரி சேற்றில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நடத்தினார், நான் பார்க்கவில்லை. என் மனசாட்சியில் பதிவான வழக்கு இதுதான்.

மறுநாள் அம்மா தார் சுற்றிக்கொண்டே எதிரில் இருந்த அக்காவிடம் தன் கவலையைக் கையால் சொன்னார். குடோன் கைப்பாஷையில் வாத்தியாருக்குச் சைகை உண்டு: பிரம்பு ஆட்டுவது. இல்லை என்பதற்கு உண்டு: கையை விரித்து மணிக்கட்டைத் திருப்புவது. வகுத்தலுக்கு இல்லை. எந்தத் தறிக்காரனுக்கு அது தேவைப்பட்டது? ஆகவே பிரம்பு, விரித்த கை. அந்தக் கை எட்டுத் தறியைத் தாண்டி, ஜன்னல் வழியாக அடுத்த குடோனுக்குப் போய், டீ நேரத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. சாயங்காலம் குழாயடியில் ஒரு அம்மணி, வாத்தியார் எத்தனை நாளாக வருவதில்லை என்று என்னைக் கேட்டார். பெரியவர்கள் கேட்டால் மறுத்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன். ரொம்ப நாளாங்க என்றேன்.

எங்கள் ஊரில் எந்தக் கூட்டம் கூடினாலும் மாதத்தில் ஒருநாள் கரண்ட்டை நிறுத்தும் நாளில்தான் கூடும். பெண் பார்ப்பது, காது குத்துவது, பங்காளிச் சண்டையைத் தீர்ப்பது எல்லாமே அன்றைக்குத்தான். மற்ற நாளில் தறியை நிறுத்திவிட்டு யார் வருவார்கள்? அந்த மாதக் கரண்ட் நிறுத்தத்தன்று எங்கள் குடோனிலேயே பெற்றோர் எல்லாரும் கூடினார்கள். நான் ஒரு தறிக்குக் கீழே பஞ்சுக் குவியலில் படுத்து, என் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் வரவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஆளாளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஒருவருடைய மகளுக்கு நாலாம் வகுப்பு வந்தும் பஸ் போர்டு படிக்கத் தெரியவில்லை. இன்னொருவர் மூத்தவனை வேன் வைத்து இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். இளையவனையும் அனுப்பத் தெம்பில்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போனால் பிள்ளைகள் குறைந்துபோய் ஒருநாள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், அடுத்த பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம், பொட்டைப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள் என்று கத்தினார்கள். அதிகம் பேசாத அப்பா கடைசியில் ஒன்று சொன்னார்.

"பூட்டிப்போட்டாங்கன்னா அடுத்த நாளே நம்ம புள்ளைக தார் சுத்த வந்து உக்காந்துருமுங்க. நம்ம கூடையத்தான் அதுகளும் தூக்கோணும்."

கல்வி ஆபீசுக்கு ஒரு மனுப் போடுவது என்று அங்கேயே முடிவானது. மனு எழுதும் பொறுப்பு மாமாவுக்கு வந்தது. ஊரில் பேனா வைத்திருந்த இளைஞர் அவர். பத்தாம் வகுப்பில் தமிழில் இரண்டு முறை தவறியவர் என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் இரண்டு நாள் கழித்து அவர் கொண்டுவந்து வாசித்த மனுவைக் கேட்டு ஊரே அசந்துபோனது. 'கல்வி நலன் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று மாமாவின் வாயிலிருந்து வந்தது. அம்மா தன் தம்பியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஐந்து வகுப்புக்கும் ஒருவரே பாடம் எடுப்பதால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுத்தல் நடத்தப்படவில்லை என்று நடுவில் ஒரு வரி. என் காதில் 'வகுத்தல்' மட்டும்தான் விழுந்தது. என் பொய் வெள்ளைத்தாளில் ஏறி, 'ஆகவே' என்ற சொல்லுக்கு முன்னால் வந்து நின்றது. கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக முழு ஊர். கடைசியில் ஒரு வேண்டுகோள்: ஐயா அவர்கள் கரண்ட் நிறுத்தும் நாளில் வந்தால் பெற்றோர் அனைவரும் ஒருசேர இருப்போம்.

மனுவில் பொய் இருந்தால் என்ன ஆகும் என்று, யாருக்கோ கேட்பதுபோல், மாமாவிடம் கேட்டேன். அப்போதுதான் ஜீப்பைப் பற்றிச் சொன்னார். "பலகையில ஆணி துருத்திட்டிருக்குமாம் மாப்ளே. பெருக்கல் வகுத்தல் பக்கம் மட்டும்."

அடுத்த கரண்ட் நிறுத்தத்தன்று கல்வி அலுவலர் வருகிறார் என்று பதில் வந்தது. தறிக்கார ஊரில் கரண்ட் போகக்கூடாது என்று பெரியவர்கள் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். அந்த மாதம் அவர்களைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டவன் நான். ஆணி பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் பெரிய சார். என் சட்டையில் பட்டன் அறுந்தால் தன் மேஜையிலிருந்து ஊக்கு எடுத்துக் குத்திவிடுபவர். மணி அடிக்கும் இரும்புத்துண்டை நம்பி என் கையில் கொடுத்தவர். அவருக்கு வேலை போகும். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் தட்டு தூக்கி முறுக்கு விற்பார். அந்தப் பஸ்ஸில் நான் இருப்பேன். "முறுக்கு வேணுமாடா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். இந்தக் காட்சி தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் வரும். இரண்டு வாரத்தில் என் டிரவுசர் இடுப்பில் நிற்காமல் போனது.

முடியாமல் ஒருநாள் பள்ளி விட்டதும் நின்று, சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரி முதல் குழாயடி வரை. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார்.

"வேற யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாதே. ஆபீசர் கேட்டா நடத்தலைன்னே சொல்லு. கணக்குக் குடுத்தா தெரியாதுங்கன்னு நில்லு. செரியா?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. மனிதர் துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டார், அல்லது எனக்காகத் தன் வேலையைத் தியாகம் செய்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரைக் காப்பாற்றுவது என் கடமை. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. நான் வகுத்தல் கற்றுக்கொண்டு, ஆபீசர் முன்னால் போட்டுக்காட்டினால், சார் நடத்தியிருக்கிறார் என்று ஆகிவிடும். திட்டத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை.

யாரிடம் கற்பது? தார்க்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தொண்ணூற்றாறை எட்டுப் பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு எத்தனை வரும் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கூடையை என் முன்னால் தள்ளி, எட்டுத் தறிக்கும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நான் தரையில் எட்டுக் கோடு கிழித்து, ஒவ்வொரு தாராக வைத்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது சுற்றில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒண்ணொண்ணா வெச்சா பொழுது போயிரும் சாமி. மொதல்ல பத்துப் பத்தா வெச்சுரு. மிச்சத்த அப்பறம் பாத்துக்கலாம்."

பத்துப் பத்தாக எண்பது போனது. மிச்சம் பதினாறு, ஆளுக்கு இரண்டு. பன்னிரண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிரிக்க முடியாமல் மிச்சம் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். அது கூடையிலேயே இருக்கட்டும், அதற்கு ஏன் அழுகிறாய் என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குத் தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. வேறு மாதங்களில் அந்த அமைதி எங்களுக்குத் திருவிழா. அன்றைக்கு அதில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றோர்கள் சலவை வேட்டியும் சேலையுமாகப் பள்ளிக்கூடத்து முன்னால் நின்றார்கள். தலையில் மட்டும் பஞ்சு. ஜீப்பைக் காணோம். பத்தேகால் டவுன்பஸ்ஸிலிருந்து குடையும் டிபன் டப்பாவுமாக ஒல்லியான ஒருவர் இறங்கினார். அவர்தான் அலுவலர் என்றார்கள். ஜீப் பின்னால் வருகிறதா என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா முன்னால் போய் மிகுந்த மரியாதையோடு "வணக்கமுங்க" என்றார். தறித் தொண்டை. அலுவலர் இரண்டடி பின்னால் போனார். உடனே எல்லாரும் அதே மரியாதையோடு ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். கலவரத்தில் மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார், அது போய்விட்டிருந்தது. கோபமில்லைங்க ஐயா, தறிச் சத்தத்தில் பழகிய தொண்டை என்று பெரிய சார் சமாதானம் சொல்லி உள்ளே அழைத்துவந்தார்.

அலுவலர் மனுவை ஒருமுறை படித்தார். ஐந்தாம் வகுப்பில் யார் தலைவன் என்று கேட்டார். பதவி ஆசை எவ்வளவு ஆபத்தானது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டவன், இன்று வரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. அவர் கரும்பலகையில் நூற்று முப்பத்திரண்டை ஆறால் வகுக்கச் சொல்லி எழுதி, சாக்பீஸை என்னிடம் கொடுத்தார்.

அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய சார் மெல்லத் தலையை ஆட்டினார்: வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மாமா கையை விரித்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்: இல்லை, இல்லை. இவர்களுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு கோடு கிழித்தேன். இருபது இருபதாக வைத்தேன். மிச்சம் பன்னிரண்டு, ஆளுக்கு இரண்டு. இருபத்திரண்டு என்று பெரிதாக எழுதி, சாரின் முகத்தில் நிம்மதியைப் பார்க்கத் திரும்பினேன்.

கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவர்போல் நின்றிருந்தார்.

"நல்லாத்தானே போடறான்?" என்றார் அலுவலர். "நடத்தாமயா இவ்வளவு சுத்தமா போடறான்?" மனுவை இரண்டாக மடித்தார். அந்த மடிப்பு விழும் சத்தம் கேட்கும் அளவுக்கு எங்கள் ஊர் அமைதியாக இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் அறியேன். கைநாட்டு வைத்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். நான் யாரையோ காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்த இடத்தில் எல்லாரையும் கவிழ்த்துவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது. எப்படி என்பது புரியவில்லை.

அலுவலர் போகிற போக்கில் பலகையை மறுபடி பார்த்தார். இது என்ன கோடு என்று கேட்டார்.

"தறிங்க."

"தறியா? யாரு சொல்லிக்குடுத்தாங்க இப்படி?"

சார்தான் என்று சொன்னால் பொய். ஜீப். சார் இல்லை என்று சொன்னால் முறுக்கு. இரண்டுக்கும் நடுவில் எனக்கு வாய் திறந்து, அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன. "அம்மாங்க. தாரு வெச்சுச் சொல்லிக் குடுத்துச்சுங்க. போன வாரந்தானுங்க. சார் ஒருநாள் நடத்துனாருங்க. மூணாப்புல ஒருத்தனுக்குப் பல்லு உளுந்து ரத்தமாப் போச்சுன்னு பாதியில போனாருங்க. அப்பறம் வரவே முடியலீங்க. நான் லாரியப் பாத்துட்டு இருந்தனுங்க."

லாரி அவருக்குப் புரிந்திருக்காது. அம்மா யார் என்று கேட்டார். வாசலில் நின்ற அம்மா முன்னால் வந்தார். எத்தனையாம் வகுப்பு வரைக்கும் படித்தீர்கள் என்று அலுவலர் கேட்டதற்கு, அம்மா தன் முழுத் தொண்டையில் பதில் சொன்னார்.

"பள்ளிக்கோடமே போகலீங்க. அதுனாலதானுங்க தறிய உட்டுப்போட்டு வந்து நிக்கறோம்."

அலுவலர் பலகையில் இருந்த ஆறு தறிகளையும் விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு மடித்த மனுவைப் பிரித்து மேஜைமேல் வைத்து, பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைக் கேட்டார். எதையோ பார்த்துவிட்டு, மனுவின் ஓரத்தில் நிறைய எழுதினார். சாரோடு உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். ஒரு மணி பஸ்ஸில் போய்விட்டார். என்னை யாரும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என்னைத் திட்டவில்லை. கணக்கில் மிச்சம் ஏதாவது நின்றதா என்று மட்டும் கேட்டார். இல்லைங்கம்மா என்றேன்.

அந்த ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். நான் ஆறாம் வகுப்புக்குச் சோமனூர் போய்விட்டதால் அவரிடம் ஒருநாளும் படிக்கவில்லை. பெரிய சாரை என் பொய்யிலிருந்து நான்தான் காப்பாற்றினேன் என்ற பெருமையோடு முப்பத்தாறு வருடம் இருந்துவிட்டேன்.

போன மாதம் 'ஐயா'வோடு நின்றுபோன மனுவுக்கு உதவி கேட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். அந்தக் காலத்தில் எத்தனை அழகாக எழுதினீர்கள், அதேபோல் நாலு வரி சொல்லுங்கள் என்றேன். மாமா இருமி இருமிச் சிரித்தார். பிறகு சொன்னார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஆசிரியர் இடம். ஒன்று மூன்று வருடமாகக் காலி. ஆள் கேட்டுப் பெரிய சார் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. பெற்றோரை வரச்சொன்னால் தறியை விட்டு ஒருவரும் வருவதில்லை. குடோன் கூட்டம் நடந்த மறுநாள், உங்கள்மேல் மனுப் போடப்போகிறோம், மன்னிக்கவேண்டும் என்று சொல்ல மாமா அவரிடம் போயிருக்கிறார். சார் அவரை ஒன்றாம் வகுப்புப் பலகையில் உட்காரவைத்து, ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மனுவை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை தானே சொல்லி எழுதவைத்திருக்கிறார். வகுத்தல் நடத்தப்படவில்லை என்ற வரி வந்ததும் மாமா எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

"எழுதுங்க தம்பி" என்றாராம் சார். "நெசந்தானே."